சஸெப்டிபிலிட்டி: எது, எதற்கு?

நீங்கள் மூன்று வாக்கியம் எழுதிக் காட்டி, சஸெப்டிபிலிட்டி என்ற ஆங்கிலச் சொல், அதாவது ஏதோ ஒன்றுக்கு எளிதில் ஆட்படும் தன்மை, இவற்றில் சரியாக வந்திருக்கிறதா, சென்சிடிவிட்டியும் இதுவும் ஒன்றுதானா, தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முதல் வாக்கியம், ‘ஐ ஹேவ் சஸெப்டிபிலிட்டி ஃபார் டஸ்ட்.’ இரண்டாவது, உங்கள் மாமாவின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தின் பேரைப் பார்த்து எழுதியது, ‘த பேஷன்ட் இஸ் சஸெப்டிபிள் டு அமிக்காசின்.’ மூன்றாவது, ‘ஷி இஸ் சஸெப்டிபிள் டு கெட் ஃபர்ஸ்ட் ரேங்க்.’ மூன்றுமே சரியில்லை, ஆனால் மூன்றும் மூன்று விதமான பிழை. ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று தெரிந்துவிட்டால் இந்தச் சொல் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

இருபது வருடத்துக்கு மேலாக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தச் சொல்லை நான் எழுதாத நாளே கிடையாது. அதனால் இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்றில் அதுதான் ஆளுக்கே கெடுதல் செய்யக்கூடிய பிழை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒருவர் தன் அப்பாவின் ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தார். சிறுநீரில் ஈ. கோலை என்ற கிருமி, அதற்குக் கீழே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொரு மருந்துக்கும் நேரே எஸ், ஐ, ஆர் என்று ஏதோ ஓர் எழுத்து. சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு நேரே ஆர் போட்டிருந்தது. ஆர் என்றால் ரெசிஸ்டன்ட், கிருமி அந்த மருந்தை எதிர்த்து நிற்கிறது என்று பொருள். அவரோ அப்பாவின் உடம்பு அந்த மருந்தை ஏற்காது என்று எடுத்துக்கொண்டார். அப்புறம் வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது ‘அப்பாவுக்கு சிப்ரோ ஒத்துக்காது’ என்று சொல்லியிருக்கிறார். அங்கே கேட்டவரும் மேற்கொண்டு விசாரிக்காமல் ஒவ்வாமை என்று சீட்டில் ஏற்றிவிட்டார். அந்த ஒரு வரி அந்தப் பெரியவர் போகிற இடமெல்லாம் கூடவே போனது. வேறொரு கிருமிக்கு அந்த மருந்தே நல்ல மருந்தாக இருந்திருக்கலாம், ஆனால் எந்த டாக்டரும் தொடமாட்டார். இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. எஸ் என்றால் சென்சிடிவ், சென்சிடிவ் என்றால் அலர்ஜி, ஆகவே அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று பதறி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்த மருந்து வேலை செய்யும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோமோ அதையே கண்டு பயப்படுகிறார்கள்.

ஆய்வகத்தில் நடப்பதைச் சொல்கிறேன், ஒரு தடவை கேட்டுவிட்டால் இந்தக் குழப்பம் திரும்ப வராது. நோயாளியின் சிறுநீரிலிருந்து கிருமியைத் தனியாக வளர்த்து எடுக்கிறோம். முல்லர் ஹின்டன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தைத் தட்டில் ஊற்றி, அது உறைந்த பிறகு, அதன்மேல் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் ஒரே சீராகத் தடவுகிறோம். பிறகு மருந்தில் ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை, நாங்கள் டிஸ்க் என்போம், இடைவெளி விட்டு வைத்து 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் விட்டுவிடுகிறோம். மறுநாள் பார்த்தால் சில வில்லைகளைச் சுற்றி வட்டமாகக் கிருமி வளராமல் தெளிவாக இருக்கும், சிலவற்றில் வில்லையின் விளிம்பு வரை கிருமி மண்டிக் கிடக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு எழுத்தைப் போடுகிறோம். பாவர், கிர்பி ஆகியோர் தங்கள் சகாக்களோடு 1966-இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட முறை இது. இன்றும் உலகம் முழுக்கக் கிர்பி பாவர் முறை என்றே பேர்.

அந்தத் தட்டில் உங்கள் மாமா எங்கே இருக்கிறார்? இல்லவே இல்லை. கிருமி இருக்கிறது, மருந்து இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சஸெப்டிபிள் என்று சொன்னால் அது கிருமியைத்தான் சொல்கிறது. ‘த பேஷன்ட் இஸ் சஸெப்டிபிள்’ என்று எழுதும்போது மருந்துக்கு அடங்க வேண்டியவர் நோயாளி என்றாகிவிடுகிறது. சரியான வாக்கியம், ‘த பாக்டீரியா ஆர் சஸெப்டிபிள் டு அமிக்காசின்.’

இதைத் தமிழில் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே ஓர் அருமையான வினை இருக்கிறது. காய்ச்சல் விடவில்லை என்றால் வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? ‘மருந்துக்குக் கேட்கலை’ என்பார்கள். கேட்கும், கேட்காது. கிருமி இந்த மருந்துக்குக் கேட்கும், அந்த மருந்துக்குக் கேட்காது. சஸெப்டிபிள் என்கிற எஸ், ரெசிஸ்டன்ட் என்கிற ஆர் இரண்டுக்கும் இதைவிடத் துல்லியமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட்டை விளக்கும்போது நான் இந்த வார்த்தையைத்தான் சொல்கிறேன், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த நொடியே விளங்கிவிடுகிறது.

நடுவில் இருக்கிற ஐ பற்றியும் ஒரு வார்த்தை. அதை இன்டர்மீடியட், அதாவது இரண்டுங்கெட்டான் என்றுதான் ரொம்ப காலம் படித்தோம். ஐரோப்பாவில் இந்த அளவுகோல்களை வகுக்கும் யூகாஸ்ட் என்ற குழு 2019-இல் அதன் பொருளையே மாற்றிவிட்டது. அவர்கள் கணக்கில் இப்போது ஐ என்றால், கிருமி மருந்துக்குக் கேட்கும், ஆனால் கிருமி இருக்கிற இடத்துக்கு மருந்து கூடுதலாகப் போய்ச் சேர வேண்டும் என்று பொருள். எழுத்து அதேதான், அர்த்தம் மட்டும் மாறிப்போனது. சொல்லில் கவனம் வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். மருந்தின் அளவு முடிவாவதில் அந்த ஒரு எழுத்தின் பொருளுக்கும் பங்கு இருக்கிறது.

சரி, சென்சிடிவிட்டியும் இதுவும் ஒன்றா என்ற கேள்வி. பழைய ரிப்போர்ட்டுகளில் ‘கல்ச்சர் அண்ட் சென்சிடிவிட்டி’ என்றே தலைப்பு இருக்கும், இன்னும் பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்த ஒரு இடத்தில் இரண்டும் ஒரே பொருள். ஆனால் சென்சிடிவிட்டிக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. ஒரு பரிசோதனை, நோய் இருப்பவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடிக்கிறது என்ற அளவுக்கும் சென்சிடிவிட்டி என்றுதான் பேர். உடம்பு ஒரு பொருளுக்கு மிகையாக எதிர்வினை காட்டுவதும் சென்சிடிவிட்டி. சட்டென்று முகம் வாடிப்போகிற மனசும் சென்சிடிவ். ஒரே சொல் இத்தனை சுமந்தால் தப்பு நடக்கும், அதனால்தான் ஆய்வக உலகம் சஸெப்டிபிலிட்டி பக்கம் நகர்ந்தது. அது நல்ல முடிவு என்பது என் கருத்து.

இதிலிருந்தே உங்கள் முதல் வாக்கியத்தையும் சரிசெய்துவிடலாம். தூசி பட்டால் உங்களுக்கு அடுக்குத் தும்மல் வருகிறது. அது உடம்பு மிகையாகச் சண்டை போடுவது, எதற்கோ பலியாவது கிடையாது. ‘ஐ ஆம் அலர்ஜிக் டு டஸ்ட்’ அல்லது ‘ஐ ஆம் சென்சிடிவ் டு டஸ்ட்’ என்று சொல்ல வேண்டும். தமிழில் இது ‘ஆகாது’, ‘ஒத்துக்காது’. சஸெப்டிபிள் என்றால் பின்னால் வருவது உங்களைப் பிடித்துக்கொள்கிற, கெடுக்கிற, வசப்படுத்துகிற ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டும். நோய், சேதம், நிர்பந்தம், முகஸ்துதி இந்த மாதிரி. ‘ஐ ஆம் சஸெப்டிபிள் டு சைனஸ் இன்ஃபெக்‌ஷன்ஸ்’ என்றால் சரி, ஏனென்றால் தொற்று வந்து பிடிக்கிறது.

அப்புறம் அந்த ‘ஃபார்’. சஸெப்டிபிள், சஸெப்டிபிலிட்டி இரண்டுக்கும் துணை ‘டு’ மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு விதிவிலக்கைப் பிறகு சொல்கிறேன். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது சுலபமாக நினைவில் நிற்கும். ஆட்படுதல், ஆளாதல், உள்ளாதல், இலக்காதல், மயங்குதல் என்று இந்தப் பொருள் தருகிற நம் வினைகள் எல்லாமே நான்காம் வேற்றுமையை வாங்கும். நோய்க்கு ஆளானான், புகழ்ச்சிக்கு மயங்கினான், மருந்துக்குக் கேட்டது. அந்த ‘கு’ இருக்கிற இடத்தில் ‘டு’ போட்டால் போதும். பெயர்ச்சொல்லாக எழுதினால் இரண்டு உறுப்பும் வர வேண்டும்: ‘த சஸெப்டிபிலிட்டி ஆஃப் இன்ஃபன்ட்ஸ் டு மீசில்ஸ்.’ ஆஃப் என்பதற்குப் பின்னால் ஆட்படுகிறது எது, டு என்பதற்குப் பின்னால் எதற்கு. இந்த இரண்டில் ஒன்று வாக்கியத்திலும் இல்லாமல், முன்பின் பேச்சிலும் இல்லாமல் போனால் அந்த வாக்கியம் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். ‘ஹிஸ் சஸெப்டிபிலிட்டி இஸ் ஹை’ என்று எழுதினால் எதற்கு என்று கேட்கத்தான் தோன்றும்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நோய் வந்துவிட்டதைச் சொல்கிற சொல் அல்ல இது. அடிக்கடி வருவதைக்கூட இது சொல்லவில்லை. எதிர்ப்பட்டால் பிடிக்கும் என்ற நிலைமையைச் சொல்கிறது. இதற்கு நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது ஃபரோ தீவுகளில் 1846-இல் நடந்தது. வட அட்லாண்டிக்கில் ஐஸ்லாந்துக்குப் போகிற வழியில் இருக்கும் சின்னச் சின்னத் தீவுகள், டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டவை. அங்கே 1781-இல் தட்டம்மை வந்து போனது, நம் பக்கம் மணல்வாரி என்றும் சொல்வோமே அதுதான். அதற்குப் பிறகு 65 வருடம் அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை. 1846 வசந்தத்தில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்த ஒரு தச்சரோடு நோயும் வந்து இறங்கியது. சில மாதங்களுக்குள், அங்கே வாழ்ந்த சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்கு அது வந்துவிட்டது. அரசாங்கம் அனுப்பி அங்கே போன பீட்டர் லூட்விக் பானும் என்ற இளம் மருத்துவர், அப்போது அவருக்கு 25 வயது, ஊர் ஊராகப் படகில் போய்க் கணக்கெடுத்தார். 1781-இல் சின்ன வயதில் தட்டம்மை வந்து பிழைத்து, இப்போது முதியவர்களாக இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாவது முறை வரவில்லை என்பதை அவர் கவனித்து எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். அந்த 65 வருடமும் அங்கே பிறந்து வளர்ந்த மீனவர்கள், ஆடு மேய்த்தவர்கள், கல்லும் மலையும் ஏறித் திடமாக இருந்தவர்கள், ஒருவருக்கும் தட்டம்மை வந்ததே இல்லை. ஆனால் எல்லோருமே தட்டம்மைக்கு சஸெப்டிபிள். 1846-இல் அந்தக் கப்பல் வரும் வரை அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். எழுபது வயதுத் தள்ளாத கிழவர் தப்பினார், இருபது வயது வாலிபன் படுத்துவிட்டான். எனவே ‘சஸெப்டிபிள் என்றால் எதிர்ப்பு சக்தி கம்மியான நோஞ்சான் உடம்பு’ என்று நம் ஊரில் சொல்வது சரியில்லை. சில நோய்களில் உடம்பின் பலவீனம் ஒரு காரணம், உண்மைதான். ஆனால் தட்டம்மையில், முன்பே வந்திருக்க வேண்டும் அல்லது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், இரண்டும் இல்லாதவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சஸெப்டிபிள்தான். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்பொருள் சில மாதம் காப்பாற்றும், அது குறையக் குறையக் குழந்தை சஸெப்டிபிள் ஆகிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் தவணைத் தடுப்பூசி, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் இரண்டாவது என்று நம் அட்டவணையில் வைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான். நோய் பரவுவதைக் கணக்குப் போட்டுக் காட்டிய கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927-இல் வெளியிட்ட ஆய்வும் மக்களை இப்படித்தான் பிரிக்கிறது. இனி தொற்றக்கூடியவர், தொற்றியவர், கணக்கிலிருந்து நீங்கியவர். கோவிட் காலத்தில் எஸ்.ஐ.ஆர். மாடல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதில் முதல் எழுத்து எஸ் இதே சஸெப்டிபிள்தான்.

மறுபக்கமும் ஒரு உதாரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மக்களுக்குத் தேவையில்லாத பயம் இருக்கிறது. தொழுநோய். உலக மக்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு அந்தக் கிருமி பட்டாலும் நோய் வராது, இயல்பிலேயே அவர்கள் அதற்கு சஸெப்டிபிள் அல்ல. ‘மோஸ்ட் பீப்பிள் ஆர் நாட் சஸெப்டிபிள் டு லெப்ரசி’ என்ற ஒரு வாக்கியத்தை ஊர் ஊராகச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேரை வீட்டைவிட்டு ஒதுக்கி வைத்திருக்க மாட்டார்கள்.

இந்த ‘எதிர்ப்பட்டால்’ என்பதை விட்டுவிட்டால் செய்திகளைக்கூடத் தப்பாகப் படிப்போம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014 முதல் நிலச்சரிவு சஸெப்டிபிலிட்டி வரைபடங்களை 1:50,000 அளவில் தயாரிக்கத் தொடங்கியது. நீலகிரி மாதிரி மலைப்பகுதிகளில் எந்தச் சரிவு எவ்வளவு எளிதில் சரியக்கூடியது என்று சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறம் போட்டுக் காட்டுவார்கள். மலையின் சாய்வு, மண்ணின் தன்மையும் கனமும், பாறை, ஓடைகளின் போக்கு, காடா தோட்டமா கட்டடமா என்பதெல்லாம் பார்த்துச் சொல்வது அது. எங்கே என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. எப்போது என்பது மழையின் கையில் இருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவுகள் அதற்கு முந்தைய மாதமும் அதே சரிவுகள்தான். சிவப்பு நிறத்தில் இருக்கிற இடத்தை ‘அபாயம் நிகழப்போகிறது’ என்று படிப்பதும் தப்பு, ‘இத்தனை வருஷமா ஒன்றும் ஆகலையே’ என்று வீடு கட்டுவதும் தப்பு. இரண்டாவது தப்புதான் உயிரை எடுக்கிறது.

வல்னரபிள் என்ற சொல்லோடு இதைக் குழப்புகிறவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தடுப்பூசி போடாத இரண்டு குழந்தைகள் தட்டம்மைக்கு ஒரே அளவு சஸெப்டிபிள். ஆனால் அதில் ஒரு குழந்தை சரியான சாப்பாடு இல்லாமல், வைட்டமின் ஏ குறைவோடு, ஆஸ்பத்திரி ரொம்பத் தூரத்தில் இருக்கிற ஊரில் இருந்தால் அந்தக் குழந்தை வல்னரபிள். வந்தால் தாங்க முடியாத நிலைமை, எழுந்து வர வழியில்லாத நிலைமை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். ‘வல்னரபிள் பீப்பிள்’ என்று தனியாகச் சொல்லலாம், ‘சஸெப்டிபிள் பீப்பிள்’ என்றால் எதற்கு என்பது முன்பின் தெரிய வேண்டும். ப்ரோன் என்றால் அடிக்கடி நடக்கிறது என்ற வாடை உண்டு. மாதம் ஒரு முறை வண்டியிலிருந்து விழுகிறவரை ‘ஆக்ஸிடென்ட் ப்ரோன்’ என்போம், அங்கே சஸெப்டிபிள் பொருந்தாது.

வயல் பக்கம் போனால் இந்தச் சொல் தினசரிப் பேச்சு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 39 என்ற நெல் ரகம் குலைநோய்க்கு அவ்வளவு எளிதாக ஆட்படும், அதனாலேயே உலகம் முழுக்கக் குலைநோய் ஆராய்ச்சியில் அதை ஒப்பீட்டு ரகமாக நடுகிறார்கள். புகையான் பூச்சிக்கு அதே வேலையைச் செய்வது டிஎன் 1, இந்த டிஎன் தமிழ்நாடு இல்லை, தைவானின் தைச்சுங் நேட்டிவ். அதற்கு எதிர்ப்பக்கம் தாக்குப்பிடிக்கிற ரகமாக நடுவது கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி 33. பக்கத்துப் பக்கத்தில் நட்டால், டிஎன் 1 காய்ந்து கருகி நிற்கும், பிடிபி 33 பச்சையாக நிற்கும். விவசாயிகள் இதை எப்படிச் சொல்கிறார்கள்? ‘இந்த ரகம் புகையான் தாங்காது.’ தாங்கும், தாங்காது, முடிந்தது பேச்சு. விதைப் பையிலும் துண்டுப் பிரசுரத்திலும் ‘எளிதில் பாதிப்புக்குள்ளாகும் தன்மை கொண்டது’ என்று இழுத்து இழுத்து எழுதுகிறவர்கள் அந்த ஒரு வினையைப் பயன்படுத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மனசு சம்பந்தப்பட்ட இடங்களில் இந்தச் சொல் இன்னும் அழகு. ‘ஹி இஸ் சஸெப்டிபிள் டு ஃப்ளாட்டரி’, புகழ்ந்தால் மயங்கிவிடுவார். ‘டீனேஜர்ஸ் ஆர் சஸெப்டிபிள் டு பியர் பிரஷர்’, கூட்டாளிகள் சொன்னால் அந்த வயதுப் பிள்ளைகள் இழுபட்டுவிடுவார்கள். யார் சொன்னாலும் சாய்ந்துவிடுகிறவருக்கு நம்மிடம் எடுப்பார் கைப்பிள்ளை என்று ஒரு தொடர் இருக்கிறது. இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் சுசிப்பேரே, கீழிருந்து கையில் எடுத்தல், ஏற்றல் என்று பொருள். பிறந்த குழந்தையைத் தரையிலிருந்து தூக்கித் தன் பிள்ளை என்று ஏற்றுக்கொள்வதற்கும் ரோமானியர்கள் அதே வினையைச் சொல்லியிருக்கிறார்கள். எடுப்பார் கைப்பிள்ளையில் எடுக்கப்படுவதும் பிள்ளைதான். இரண்டு மொழிக்கும் இதில் தொடர்பு எதுவும் கிடையாது, ஆனாலும் முதல் முறை கவனித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்த வேரில் ‘ஏற்றல்’ இருப்பதால்தான் இயற்பியலில் காந்த ஏற்புத்திறன் என்று பள்ளிப் பாடநூலில் அழகாகப் பெயர்த்திருக்கிறார்கள். காந்தப்புலத்தில் வைத்தால் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற விகிதம் அது, அலகு கிடையாது. அலுமினியத்துக்குச் சின்ன நேர் எண், தண்ணீருக்குச் சின்ன எதிர் எண். இங்கே கெடுதல் என்ற வாடையே இல்லை பாருங்கள்.

முன்பு சொன்ன விதிவிலக்கு இதுதான்: ‘சஸெப்டிபிள் ஆஃப்.’ பழைய, சற்று கனமான நடை. ‘த புரொவிஷன் இஸ் சஸெப்டிபிள் ஆஃப் டூ இன்டர்பிரிடேஷன்ஸ்’ என்று சட்ட எழுத்தில் பார்க்கலாம். அந்தச் சட்டப் பிரிவு இரண்டு பொருளுக்கு இடம் தருகிறது. இடம் தருதல், அவ்வளவுதான். பேச்சில் இதைப் பயன்படுத்த வேண்டியதில்லை, படிக்கும்போது டு இல்லையே என்று திகைக்காமல் இருந்தால் போதும்.

பன்மையில் ‘சஸெப்டிபிலிட்டீஸ்’ என்று வந்தால் பொருளே வேறு. ஒருவருக்கு மனம் புண்படுகிற இடங்கள், தொட்டால் வலிக்கிற நம்பிக்கைகள் என்று பொருள். 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் நெற்றிக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கம்பெனி ராணுவம் உத்தரவு போட்டது, ஜூலை 10-ஆம் தேதி கிளர்ச்சி வெடித்தது. அந்த மாதிரி நிகழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ரிலிஜியஸ் சஸெப்டிபிலிட்டீஸ்’ என்ற தொடர் கச்சிதமாகப் பொருந்தும். மற்ற எல்லா இடத்திலும் ஒருமையே போதும். அதிகம் என்று சொல்ல ‘ஹை’, ‘கிரேட்டர்’, ‘இன்க்ரீஸ்ட்’ போடலாம், ‘பிக்’ போடக் கூடாது.

உச்சரிப்பில் நிறையப் பேர் ‘சஸ்கெப்டிபிள்’ என்கிறார்கள். எழுத்தில் எஸ்ஸுக்குப் பக்கத்தில் சி இருந்தாலும் அதற்குத் தனி ஒலி கிடையாது, சஸெப்டிபிள் என்று ‘ஸெப்’பில் அழுத்தம். சஸெப்டிபிலிட்டி என்று நீளும்போது அழுத்தம் ‘பி’க்குப் போய்விடும்.

இன்னொன்று, பேசும்போது இந்தப் பெயர்ச்சொல்லைக் கூடிய மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்பேன். ‘மை சஸெப்டிபிலிட்டி டு கோல்ட்ஸ் இஸ் ஹை’ இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் தோழியிடம் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். ‘ஐ கேட்ச் கோல்ட்ஸ் ஈஸிலி’ என்பார்கள், நாமும் ‘எனக்குச் சட்டுனு சளி பிடிச்சிடும்’ என்றுதானே சொல்கிறோம். பெயர்ச்சொல் கட்டுரைக்கும் ரிப்போர்ட்டுக்கும், பெயரடை பேச்சுக்கும் கடிதத்துக்கும். தமிழிலும் இதற்கு ஒரே ஒரு பெயர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். கேட்கும், தாங்காது, தொற்றும், மயங்குவார், இழுபடுவார், இடம் தரும், இந்த வினைகளில் எது அந்த இடத்துக்கு உரியதோ அதை எடுங்கள். கட்டாயம் பெயர்ச்சொல்தான் வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் ‘எளிதில் ஆட்படும் தன்மை’ என்று எழுதுங்கள். ‘பாதிக்கப்பட்ட’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது நடந்து முடிந்ததைச் சொல்கிறது.

உங்கள் மூன்றாவது வாக்கியம் பாக்கி இருக்கிறது. அதில் இரண்டு தவறு. நல்லது நடக்க வாய்ப்பிருக்கிறது என்பதற்கு இந்தச் சொல் வராது, ‘லைக்லி’ தான் சரி: ‘ஷி இஸ் லைக்லி டு கெட் ஃபர்ஸ்ட் ரேங்க்.’ சொன்னதை நன்றாக ஏற்றுக்கொள்கிற பெண் என்று சொல்ல வேண்டுமானால் ‘ரிசெப்டிவ்’. அடுத்து, சஸெப்டிபிளுக்குப் பின்னால் வரும் டு முன்னிடைச்சொல், அதற்குப் பக்கத்தில் வெறும் வினையை வைக்க முடியாது, பெயர்ச்சொல்லோ ‘இங்’ முடிவோ வர வேண்டும். ‘ஓல்டர் பீப்பிள் ஆர் சஸெப்டிபிள் டு பீயிங் சீட்டட்’, வயதானவர்கள் எளிதில் ஏமாந்துவிடுவார்கள் என்று சொல்லலாம், ‘டு பீ சீட்டட்’ கூடாது. பொருளைப் பார்த்தால் அந்த வாக்கியத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. போலீஸ் என்று சொல்லிப் போனில் மிரட்டுகிறவர்களிடம் படித்தவர்கள், இளைஞர்கள் எல்லோரும் பணத்தை இழக்கிறார்கள். பயத்தில் இருக்கிற யாருமே அந்த நேரத்தில் சஸெப்டிபிள்தான்.

உங்கள் மாமாவிடம் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசும்போது, ‘கிருமி அமிக்காசினுக்குக் கேட்கும் மாமா’ என்று சொல்லுங்கள். உடனே அதையே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். அது ஊசி மருந்து, சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் அளவு தீர்மானிப்பார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் மாமாவுக்கு எவ்வளவு, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்பதெல்லாம் அந்தத் தட்டில் தெரியாது, அதை நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.